அந்நியரும் நன்றியுணர்வும்: ஊவாப் பெருந்தோட்டங்களை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து தக்க வேளையில் உதவி பெற்றவர் அந்நிகழ்ச்சியைப் பின்னர் எடுத்துரைக்கும்பொழுது, ‘யாரோ ஒரு புண்ணியவான்’ என்று தொடங்குவது நம்மவர் பேச்சு வழக்கு. இத்தொடர் சற்று நின்று நோக்கத்தக்கது. உதவியவரின் பெயர் தெரியாமை ‘யாரோ’ என்பதில் அடங்குகின்றது. அவர் உதவியமைக்கான காரணம் ‘புண்ணியவான்’ என்பதில் அடங்குகின்றது. அதாவது, அவரது செயல் அவர் ஈட்டிய அல்லது ஈட்டவிருக்கும் புண்ணியத்தின் கணக்கிலே எழுதப்பட்டுவிடுகின்றது. இருவருக்குமிடையே நிகழ்ந்தது ஒரு சமூக உறவு என்னும் எண்ணத்துக்கு அங்கு இடமில்லை. நன்றி பற்றிய நமது சொற்களிற் பல இத்தகையனவே. அவை கொடுத்தவரின் பெருமையைக் கூறுவன. பெற்றவரின் நாளாந்த வாழ்வு அதனால் எவ்வாறு மாறிற்று என்பதைக் கூறுவன அல்ல.

பழந்தமிழ் இலக்கியத்திலும் நன்றியின் மொழி பெரும்பாலும் புரவலனை நோக்கிய மொழியாகவே அமைந்துள்ளது. பாடாண் பாட்டுகள் பரிசில் பெற்றோன் பாடியவை. ஆயினும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையில் வேறொரு கூறு உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் இன்னொரு பாணனை வழியிலே கண்டு, எவ்வழியே சென்றால் யாரைக் காணலாம் என்று கூறுகிறான். அவ்விருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர். ஆற்றுப்படைகளை ஆராய்ந்தோர் முடிவிலே நிற்கும் வள்ளலைப் பற்றியே மிகுதியும் எழுதினர். வழியிலே நடந்த சந்திப்பைப் பற்றி எழுதியது குறைவு. பொருள் கொடுப்பவனும் வழி காட்டுபவனும் ஒருவர் அல்லர் என்ற வேறுபாடு நமது கட்டுரைக்கு வேண்டியதாகும்.

நாளாந்த வாழ்விலே நன்மையான சுவடொன்றைப் பதித்துச் சென்ற அந்நியரை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதனைப் பொதுப்பட நோக்காமல், பதுளையைச் சார்ந்த பெருந்தோட்டங்களை முன்னிறுத்தி நோக்க விரும்புகிறோம். ஸ்பிரிங்வெளி, வேவெஸ்ஸ முதலான தோட்டங்களைக் கொண்ட அப்பிரதேசத்தில் ‘அந்நியர்’ என்ற சொல்லும் ‘நன்றி’ என்ற சொல்லும் சாதாரணச் சொற்களாக இருந்ததில்லை. யார் அந்நியர் என்பதைச் சட்டம் தீர்மானித்தது. யாருக்கு நன்றியுடையோராக இருக்கவேண்டும் என்பதைத் தோட்ட நிருவாகம் தீர்மானித்தது.

நமுனுகுல மலையின் அடிவாரத்துத் தோட்டங்கள் முதலிற் கோப்பித் தோட்டங்களாகவே திறக்கப்பட்டன. 1869 இல் கோப்பி இலைகளை அழித்த நோய் இலங்கையில் முதன்முதலாக அடையாளங் காணப்பட்ட இடம் இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையாகும். கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலை வந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924 இல். அதற்கு முன்னர் வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காட்டுவழியே மாத்தளைக்கும், பின்னர் மலையேறியும் நடந்தே வந்தனர். அவ்வழியிலே மாண்டோர் தொகை பெரிது.

வந்தவர் கடனாளியாகவே வந்தார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முற்பணம், பயணச் செலவு, வழியில் உண்ட சோறு ஆகிய யாவும் அவர் பெயரிற் பற்றெழுதப்பட்டன. தோட்டத்திலே அரிசி கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கடன் தீராமல் ஒருவர் தோட்டத்தை விட்டு வேறிடம் செல்ல இயலாது. அவரது கடனை இன்ன தொகைக்குத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசியே ‘துண்டு’ எனப்பட்டது. துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. குறித்த வேலையளவு முடியாவிடின் ‘அரைப்பேர்’ போடப்படும். அதாவது, முழுநாள் மலையில் நின்றவருக்கு அரைநாட் கூலி.

இப்பொருளாதார உறவு தன்னை வெளிப்படையாக வைத்துக்கொள்ளவில்லை. கருணையின் வேடம் பூண்டது. கங்காணி உறவுமுறையால் மாமனாகவும் சிற்றப்பனாகவும் அழைக்கப்பட்டார். துரை ‘தாய் தகப்பன்’ ஆனார். உப்பிட்டவரை மறக்கலாகாது என்ற பழமொழி, உழைத்தவருக்கு அவரது உழைப்பின் ஒரு சிறுபங்கையே அரிசியாகத் திருப்பிக் கொடுத்தவரின் சார்பிற் பயன்பட்டது. நிலப்பிரபுத்துவக் கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்ட விசுவாசம் என்னும் விழுமியம், ஏகாதிபத்திய மூலதனத்தின் கணக்குப் புத்தகத்துக்குக் காவலாய் அமைந்தது. இதனை நாம் ‘ஏவப்பட்ட நன்றி’ எனலாம். ஏவப்பட்ட நன்றியின் இலக்கணம், பெற்றவரை என்றும் பெற்றவராகவே வைத்திருத்தல்.

இங்கு மற்றொன்றும் கூறவேண்டும். ஊவாவின் சிங்களக் கிராமத்தவர் பார்வையில் அந்நியராக வந்து நின்றவர் துரை மட்டுமல்லர். லயத்திலிருந்த தமிழ்த் தொழிலாளியுமே. 1817–18 கிளர்ச்சி அடக்கப்பட்டபொழுது ஊவாக் கிராமங்கள் அழிக்கப்பட்டன. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் சேனைகளையும் அரசின் சொத்தாக்கிற்று. அந்நிலத்திலே எழுந்த தோட்டத்தில் நிலமிழந்தவர் வேலைசெய்ய மறுத்தார். கடல்கடந்து கொண்டுவரப்பட்டவர் வேலைசெய்தார். ஒரே நிகழ்வினாற் பாதிக்கப்பட்ட இரு சாராரும் ஒருவரையொருவர் அந்நியராகக் கண்டனர். அவர்களைப் பிரித்து நின்ற வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் உள்ளே வருவது எத்துணை அரிய செயல் என்பது இப்பின்னணியிலேயே விளங்கும்.

தோட்டம் தனியார் சொத்து. எனவே, துரையின் அனுமதியின்றி லயத்துக்குச் செல்பவர் சட்டத்தின் முன் அத்துமீறியவர் ஆவார். தொழிலாளியின் வீட்டுக்கு அவரது விருந்தினர் வருவதற்கும் வீட்டுக்காரரின் அழைப்புப் போதாது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலைமையை நேரிற் காண்பதற்குப் புடைவை வியாபாரியாக உள்ளே சென்றார் என்று கூறப்படுவதுண்டு. அக்காலத்திலே தோட்டத்துக்குட் செல்லும் அந்நியர் விற்பவராக இருந்தால் அனுமதி உண்டு. பேசுபவராக இருந்தால் இல்லை. அவர் 1931 இல் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுகளைப் பாடியும் அச்சிட்டும் பரப்பினார். நடேசய்யரைப் பற்றிச் சாரல்நாடன் எழுதிய நூல் 1988 இல் வெளிவந்தது. அதன் பின்னரே தமிழ் வாசகர் பலர் அவரை அறிந்தனர் என்பது நமது ஆய்வுலகுக்குப் பெருமை தரும் செய்தியன்று.

நடேசய்யர் மொழியாலும் மரபாலும் முற்றிலும் அந்நியர் அல்லர். முற்றிலும் அந்நியரான ஒருவரை எடுத்துக்கொண்டால் நமது பிரச்சினை கூர்மை பெறும். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1912 இல் இலண்டனிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அங்கு இளங் கம்யூனிஸ்ட் கழகத்தில் இருந்தவர். 1936 இல் மடுல்கெல்லையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திற் சின்னத்துரை வேலை பழகுவதற்காக வந்தார். தொழிலாளர் நடத்தப்படும் முறையை ஏற்கவியலாமல் அவர்கள் பக்கம் நின்றமையால் வேலையை இழந்தார். இலங்கைச் சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவுடன் அவரும் பேசினார். தோட்டங்களிலே நடப்பவற்றை உள்ளிருந்து கண்ட வெள்ளையர் ஒருவர் தொழிலாளர் முன்னிலையில் எடுத்துரைத்தார். அம்மாத இறுதிக்குள் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவர் கப்பலேறாமல் தலைமறைவானார். மே 5 ஆம் திகதி காலிமுகத்திடலில் நடந்த பெருங்கூட்டத்தின் மேடையிலே தோன்றினார். பின்னர் கைதானபொழுது, மே 18 ஆம் திகதி பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இவையெல்லாம் இலங்கை அரசியல் வரலாற்றிலே நன்கறியப்பட்டவை.

நாம் இங்கு கவனிக்க விரும்புவது நாவலப்பிட்டிக் கூட்டம் பற்றித் தோட்டத்துரைமார் தரப்பிலிருந்து எழுந்த முறைப்பாட்டில் உள்ள ஒரு சிறு செய்தியை. பிரேஸ்கேர்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்பொழுது கூடியிருந்த தொழிலாளர் ‘சாமி, சாமி’ என்று குரலெழுப்பினராம். துரைமாரை அச்சுறுத்தியது அதுவே. நம்மைச் சிந்திக்கச் செய்வதும் அதுவே. சட்டத்தை மீறுவதற்குத் துரைமாருக்கு இடங்கொடாதீர் என்று ஒருவர் கூறுகிறார். அவர் கூற்றின் உள்ளடக்கம் சமத்துவம். அதனை ஏற்றவர்களிடம் அவ்வேற்பைத் தெரிவிப்பதற்கு இருந்த சொல்லோ வழிபாட்டுச் சொல். துரையையும் கங்காணியையும் நோக்கிக் கூறிப் பழகிய அதே சொல். உணர்வு புதியது, மொழி பழையது. கருத்துநிலை என்பது எவ்வாறு செயற்படுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடத் தேவையில்லை. அதனைத் தொழிலாளரின் அறியாமையென்று கூறுவோரும் உளர். அது தவறு. அந்நியருக்கு நன்றி கூறுவதற்கான சொல்லைத் தனியொருவர் படைத்துவிட முடியாது. அதற்கு வேறொரு வாழ்க்கைமுறை வேண்டும்.

அவ்வாழ்க்கைமுறையின் ஒரு கீற்று மூன்றாண்டுகளின் பின் ஊவாவிலே தோன்றிற்று.

1939 ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்து சென்றதையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாகியது. தோட்டங்களிலே தொழிற்சங்கங்கள் வேரூன்றத் தொடங்கின. 1940 ஜனவரி 10 ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி கொல்லப்பட்டார். எழுந்த கண்டனத்தின் விளைவாக விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காக அங்கு தோன்றி வாதாடியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. கொழும்பின் சிங்கள வழக்கறிஞர் ஒருவர், தன் மொழியைப் பேசாத, தனக்கு எவ்வகையிலும் உறவில்லாத, கணவனை இழந்த தோட்டப் பெண்ணொருவரின் சார்பில் அரசையும் துரைமாரையும் எதிர்த்து நின்றார். இச்செயலை எவ்வித ஒதுக்கீடுமின்றி நாம் மதிக்கவேண்டும். பிற்காலத்து நிகழ்ச்சிகள் அதனை அழிப்பதில்லை. அந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் வருவோம்.

வேலைநிறுத்த அலை முல்லோயாவிலிருந்து பரவி, அவ்வாண்டு மே மாதத்தில் ஊவாவில் உச்சநிலை எய்தியது. அதன் மையம் பதுளையைச் சார்ந்த வேவெஸ்ஸத் தோட்டம். அங்கே தொழிலாளர் தமக்குள்ளே தேர்தல் நடத்திச் சபையொன்றை அமைத்தனர். தோட்டத்தின் காரியங்களை அச்சபையுடன் கலந்து செய்வதற்குத் துரை இணங்கவேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்டவென அனுப்பப்பட்ட ஆயுதந் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர். பதுளையில் மே 12 ஆம் திகதி நடைபெறவிருந்த கூட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அதனையும் மீறி என். எம். பெரேரா பெருங்கூட்டத்தினர் முன் பேசினார். பொலிசாரால் ஏதுஞ் செய்யக் கூடவில்லை. பின்னர் வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கும் மேலாக ஊவா நாட்டின் ஏனைய பகுதிகளினின்றும் துண்டிக்கப்பட்டது. வெளியிலிருந்து எவரும் வரமுடியாத அந்நாட்களிலே அடக்குமுறை தன் வேலையைச் செய்துகொண்டது. ஜூன் 18 ஆம் திகதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதாயினர். சில நாட்களிற் கொல்வினும் கைதானார். 1942 ஏப்ரலில் அவர்கள் சிறையிலிருந்து தப்பிச் சென்ற கதை வேறு.

போராட்டம் தோற்றதெனக் கொள்ளலாம். ஆயினும் நாவலப்பிட்டியின் ‘சாமி’யையும் வேவெஸ்ஸவின் சபையையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, மூன்றாண்டுகளுள் நன்றியின் வடிவமே மாறியிருப்பதைக் காணலாம். முன்னதிலே அந்நியர் மேடைமீது நிற்கிறார். கேட்போர் கீழிருந்து குரலெழுப்புகின்றனர். பின்னதிலே அந்நியர் பதுளை நகரத்துக் கூட்டத்திற் பேசுகிறார். தோட்டத்துக்குள்ளே, அவர் இல்லாத இடத்தில், தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்தவர்கள் துரையின் எதிரே அமர்கின்றனர். அந்நியர் கொண்டுவந்த செய்தி அவரின்றியும் இயங்கத் தொடங்கிவிட்டது. அந்நியரின் உதவியை மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் உண்டெனின், அவர் போனபின் அவரை எதிர்பார்த்து எத்தனைபேர் காத்திருந்தனர் என்பதன்று அது. அவருக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை எவ்வளவு குறைந்தது என்பதே. ஏவப்பட்ட நன்றிக்கு இது நேர்மாறானது.

நாளாந்த வாழ்விலே இதன் சுவடு எங்கே தங்கிற்று? நாம் கருதுவது ‘தலைவர்’ என்னும் சொல்லிலே. பெருந்தோட்டத்து வழக்கிலே தலைவர் என்பவர் நாட்டுத் தலைவரல்லர். அத்தோட்டத்துத் தொழிலாளர் தெரிந்தெடுக்கும் சங்கத் தலைவர். அதிகாலைப் பெரட்டுக் களத்தில் வேலை பகிர்ந்தளிக்கப்படும்பொழுது, முன்னர் முறையிட விரும்பியவர் கங்காணியிடமே முறையிடவேண்டும். முறைப்பாடு கங்காணியைப் பற்றியதாயினும் அதுவே வழி. தொழிற்சங்கம் வந்தபின் இன்னொரு வழி திறந்தது. அரைப்பேர் போட்டது சரியன்று, கொழுந்து நிறுத்த தராசு சரியன்று, லயத்துக் கூரை ஒழுகுகின்றது, பிள்ளைக்காரிக்குத் தூரமலை கொடுக்கப்பட்டது என்றெல்லாம் தலைவர் துரையின் கந்தோருக்குச் சென்று பேசினார். இவை சிறு காரியங்கள். ஒரு மனிதரின் நாள் இத்தகைய சிறு காரியங்களால் ஆனது. பெரிய கங்காணியின் ஆதிக்கம் தளர்ந்தமைக்குச் சட்டங்களும் பொருளாதார மாற்றங்களும் காரணங்களாயினும், தொழிலாளர் முன்னே நிமிர்ந்து பேசும் இன்னொருவர் நின்றமையும் ஒரு காரணமே.

இதனை மிகைப்படுத்தலாகாது. தலைவர் பதவி பல தோட்டங்களிற் புதிய கங்காணிப் பதவியாகவே மாறிற்று. உயர்சாதியினரெனத் தம்மைக் கருதியோர் அதனைத் தம் கையில் வைத்திருந்த இடங்கள் பல. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்கள். தலைவர்களோ ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பது 1984 இலேயே வந்தது. வேவெஸ்ஸவின் சபையிலிருந்து இதுவரையுள்ள தூரத்தை, வந்த அந்நியர் எவரும் நடந்து கடந்துகொடுக்க முடியாது என்பதையே இவை காட்டுகின்றன.

இனி, முற்போக்கு எழுத்தாளர் தயங்கும் இடத்துக்கு வருவோம். 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டபொழுது இடதுசாரிக் கட்சிகள் அதனை எதிர்த்தன. தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய அச்சட்டம் ஒரு வர்க்கத்துக்கு எதிரானது என்று அவை கூறியது சரியான கூற்று. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை கொடுப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்று, சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் இரு அரசாங்கங்கள் முடிவுசெய்தன. அப்பொழுது அமைச்சரவையில் சமசமாஜத் தலைவர்கள் இருந்தனர். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய கொல்வின், 1970 இல் அமைந்த அரசாங்கத்திலே பெருந்தோட்டத் தொழில் அமைச்சராகவும் அரசியலமைப்பு விவகார அமைச்சராகவும் இருந்தார். 1972 இன் அரசியலமைப்பு அவர் பொறுப்பில் உருவானது. 1973, 74 ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபொழுது, வேவெஸ்ஸவின் காலத்திற் பதுளையிலே பேசிய என். எம். பெரேரா நிதியமைச்சர்.

இதனை எவ்வாறு கொள்வது? பழைய உதவியைக் காட்டிப் பிந்திய செயலை மன்னிக்கும்படி கேட்பாருளர். பிந்திய செயலைக் காட்டிப் பழைய உதவியே ஏமாற்று என்பாருமுளர். இருசாராரும் நன்றியைத் தனியாளின் குணத்துடன் பிணைக்கின்றனர். ‘புண்ணியவான்’ தர்க்கத்தையே இருசாராரும் பின்பற்றுகின்றனர். நாம் கருதுவது வேறு. 1940 இல் அவர்கள் தொழிலாளரோடு ஒரே போராட்டத்தில் நின்றனர். ஆகவே அந்நியராயினும் தோழராயினர். 1964 இலும் 1970 இலும் அரசின் பக்கமிருந்து அம்மக்களை எண்ணிக்கையாகக் கண்டனர். ஆகவே தெரிந்தவராயிருந்தும் அந்நியராயினர். அந்நியத்தன்மை என்பது பிறப்பு, மொழி, தூரம் ஆகியவற்றால் மட்டும் ஆவதன்று. யார் எப்பக்கம் நிற்கிறார் என்பதால் ஆவது. எட்மண்ட் சமரக்கொடி போன்ற சிலர் 1964 இற் கட்சியினின்றும் பிரிந்து நின்றனர் என்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

மலையக இலக்கியம் இவ்விடயத்தை எவ்வாறு கையாண்டுள்ளது என்பது தனியே விரிவாக ஆராயப்படவேண்டியது. இங்கு ஒன்றிரண்டு குறிப்புகளே கூறலாம். புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ தமிழ்நாட்டு எழுத்தாளரொருவர் தொலைவிலிருந்து எழுதியது. ஆயினும் தமிழ் வாசகர் பலரின் மனத்திலே தேயிலைத் தோட்டம் என்ற உருவத்தைப் பதித்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. தொலைவிலிருந்து எழுதுபவர் துன்பத்தைக் காண்கிறார். அத்துன்பத்தினுள்ளே வாழ்வோர் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் சிறு உதவிகளைக் காண்பது அவருக்கு அரிது. ஊவாவிலே பிறந்து பதுளைத் தோட்டப்புறங்களை உள்ளிருந்து எழுதிய தெளிவத்தை ஜோசப்பின் வருகை இக்காரணத்தாலும் முக்கியமானது. அவரது ‘நாமிருக்கும் நாடே’ தொகுதி 1979 இல் வெளிவந்தது. பொதுவாக மலையகப் புனைகதைகளில் வெளியிலிருந்து வரும் பாத்திரம் ஆசிரியராகவோ உத்தியோகத்தராகவோ சங்கக்காரராகவோ அமைவது வழக்கம். வலிமை குறைந்த கதைகளிலே அப்பாத்திரம் மீட்பராகவோ வஞ்சகராகவோ இருமுனைப்பட்டு நிற்கும். வந்தார், ஒன்றைச் சொன்னார், போனார், பின் வாழ்வு இம்மியளவு வேறாயிற்று என்றவாறு ஓர் அந்நியரை எழுதுவது எளிதன்று. நாடகத்தன்மை அதிற் குறைவு. ஆயினும் உண்மை பெரும்பாலும் அவ்வாறே நிகழ்கிறது.

இறுதியாக, பார்வையைத் திருப்பியும் நோக்கவேண்டும். இதுவரை தோட்டத்துக்கு வந்த அந்நியரைப் பற்றிக் கூறினோம். நாட்டினர்க்குத் தோட்டத் தொழிலாளரே அந்நியர். 1948 இலிருந்து 2003 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வரும்வரை, அவர்களிற் பெருந்தொகையினரோ ஒரு பகுதியினரோ எப்பொழுதும் சட்டப்படி அந்நியராயிருந்தனர். அதே காலத்தில், நாட்டிற்கு அரிசியும் மருந்தும் எரிபொருளும் இறக்குமதி செய்வதற்கான அந்நியச் செலாவணியிற் பெரும்பகுதியை நெடுங்காலம் அவர்களது உழைப்பே ஈட்டித் தந்தது. காலையிற் குடிக்கும் தேநீர்க் கோப்பையைக் குறித்துக் கவிதைகள் எழுதப்படுவதுண்டு. அவை பெரும்பாலும் இரக்கத்தையே வேண்டுகின்றன. நாம் கேட்பது இரக்கமன்று, கணக்கு.

கணக்கிலே முதலிற் சேரவேண்டியது இடதுசாரி இயக்கம் பட்ட கடன். வேவெஸ்ஸத் தொழிலாளருக்குக் கொழும்புத் தலைவர்கள் அந்நியர் என்றால், கொழும்புத் தலைவர்களுக்கு வேவெஸ்ஸத் தொழிலாளரும் அந்நியரே. தெரிவுசெய்யப்பட்ட தொழிலாளர் சபை என்பதை அவர்கள் நூல்களிலே படித்திருந்தனர். அதனை இம்மண்ணில் நடத்திக் காட்டியவர்கள் லயத்திலிருந்தவர்கள். பரவலாகப் படிக்கப்படும் வரலாறுகளிலே பதுளைக் கூட்டத்தின் திகதியும் பேசியவரின் பெயரும் நிற்கின்றன. சபைக்குத் தெரிவானவர்கள் ‘தொழிலாளர்’ என்ற பொதுப்பெயரால் மட்டுமே நிற்கின்றனர். கோவிந்தன் இறந்தமையாற் பெயர் பெற்றார். ஜனவரி 10 இன்று மலையகத் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகின்றது. வேவெஸ்ஸச் சபையினர் இறக்கவில்லை. மறுநாட் பெரட்டுக்குச் சென்றனர்.

தோட்டத்து வழக்கிலே ஒருநாட் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். வேலைக்கு வந்தவர் பெயருக்கு நேரே செக்றோலிற் குறியிடப்படுவதால் அவ்வாறாயிற்று. 1940 ஆம் ஆண்டுச் செக்றோல்களிலும், அக்காலத்துப் பதுளை நீதிமன்ற, பொலிஸ் பதிவுகளிலும், தொழிற் திணைக்களத்தின் கோவைகளிலும் அவர்களுடைய பெயர்களைத் தேடும் பணி பல்கலைக்கழக மாணவர் சிலர் ஓரிரு ஆண்டுகளிற் செய்யத்தக்கது. ஊவாத் தோட்டங்களிலிருந்தே பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் இன்று உளர். அவர்கள் வீடுகளிலே முதியோர் கூறக் கேட்ட பெயர்களும் அதற்குத் துணையாகும்.